இராசமலரின் பக்கம்

குருவென்றால் வெண்தாடி வேண்டும், சீடனென்றால் மீசை அரும்புகிற வயதாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இப்போதே எழும்பிப் போகலாம். இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்து நாலு வயது. பெயர் சுகிர்தா. சீடனை அறுபது எட்டிப் பார்க்கிறது. பெயர் தில்லைநாதன். மீசை நரைத்து, முன்தலை வெளித்து, மூக்குக்கண்ணாடி வழுகி வழுகி விழுகிற சீடன்.

இரண்டு பேரும் வேலை செய்தது யாழ்ப்பாணத்தில், ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில். மரண அறிவித்தல் போடுகிற இணையத்தளம் அது. உலகத்தின் எந்த மூலையில் எங்கள் ஆள் ஒருவர் கண்ணை மூடினாலும், அழுது முடிக்க முன்னமே வீட்டார் அங்கே கூப்பிடுவார்கள். எங்கே பிறந்தவர், எங்கே வாழ்ந்தவர், யாருக்கு மகன், யாருக்குக் கணவர், யாருக்கு மைத்துனர் என்று ஒரு முறை இருக்கிறதல்லவா? அந்த முறை பிசகாமல் பக்கம் போட வேண்டும். ஒரு மச்சாளின் பெயர் விடுபட்டால் போதும், செத்தவீட்டில் பாடை எழும்ப முன்னம் சண்டை எழும்பிவிடும்.

தளத்தைக் கட்டியவர் சுகிர்தா. தொலைபேசியில் அழுகிறவர்களிடம் பெயர்களைக் கேட்டுத் தட்டச்சு செய்கிறவர் தில்லைநாதன். "அழுங்கோ, அழுதிட்டுச் சொல்லுங்கோ, நான் நிக்கிறன்" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே சனம் அவரைத் தேடிக் கூப்பிட்டது.

ஒருநாள் அவர் தட்டச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"பிள்ளை, எல்லாருக்கும் இதே வசனம்தானே. பெயரும் ஊரும்தானே மாறுது. நான் ஏன் மாடு செக்கைச் சுத்தின மாதிரி முழுக்க முழுக்க அடிக்கிறன்? உங்கடை வித்தையை எனக்கும் காட்டித் தாங்கோவன்."

"பகிடி விடாதையுங்கோ, அண்ணை."

"பகிடி இல்லை, பிள்ளை. கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைக்க வேணுமெண்டாலும் சொல்லுங்கோ."

சுகிர்தா சிரித்தார்.

"தேங்காய் வேண்டாம். கீழை வாங்கோ."

கீழே சாப்பாட்டுக் கடை வாசலில் ஒரு பலகை தொங்கியது. மேலே, 'இன்றைய கறிகள்' என்று சிவப்புப் பெயின்றில் வடிவாக எழுதியிருந்தது. அதற்குக் கீழே வெண்கட்டியால், பயத்தங்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, கத்தரிக்காய்ப் பிரட்டல்.

"ஏன் அண்ணை எல்லாத்தையும் பெயின்றாலை எழுதேல்லை?"

"நாளைக்குக் கத்தரிக்காய் கிடைக்காட்டில்?"

"அப்ப ஏன் எல்லாத்தையும் வெண்கட்டியாலை எழுதேல்லை?"

"தலைப்பை ஏன் நெடுக அழிச்சு அழிச்சு எழுத வேணும்?"

"அவ்வளவுதான் பாடம். மேலை போவம்."

அன்றிலிருந்து தில்லைநாதன் அவரை 'ரீச்சர்' என்று கூப்பிடத் தொடங்கினார். முதலில் பகிடிக்குத்தான். பிறகு அது பகிடி இல்லை.

மேலே வந்து ரீச்சர் காட்டினார். பக்கத்தின் வசனம் தரவுத்தளத்தில் கிடக்கும். மாறுகிற இடத்தில் இரண்டு பக்கமும் நெளிந்த அடைப்புப் போட்டு, உள்ளே ஒரு பெயர் எழுத வேண்டும். அதற்கு மாறி என்று பெயர். யாராவது பக்கத்தைத் திறக்கிற அந்தக் கணத்தில், அடைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு உண்மையான பெறுமதி, அந்த ஆளின் பெயரோ ஊரோ, அந்த இடத்தில் வந்து குந்திக்கொள்ளும். வசனம் பெயின்ற், மாறி வெண்கட்டி.

நெளிந்த அடைப்பு தில்லைநாதனுக்கு மீசை மாதிரித் தெரிந்தது. 'மீசை' என்றே பெயர் வைத்துவிட்டார். "ரீச்சர், இந்த இடத்துக்கு மீசை வைப்பமோ?" என்று கேட்பார். ரீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டுவார்.

ஒருநாள் கேட்டார்.

"மீசைக்குள்ளை வெறும் பெயரை ஏன் வைக்கிறம்? கட்டளை நிரலையே வைச்சால் என்ன? பக்கம் தானே எல்லாத்தையும் செய்துகொள்ளுமே."

"வீட்டுக்கு வாறவை என்ன சாப்பிடலாமெண்டு கேட்கலாம், அண்ணை. குசினிக்குள்ளை போய் அடுப்பை மூட்ட விடலாமோ?"

தில்லைநாதன் யோசித்தார்.

"விட்டால் வீடு எரியும்."

"ஓம். பக்கம் பெயரை மட்டும் கேட்கட்டும். சமையல் எங்கடை கையிலை இருக்கட்டும்."

இன்னொருநாள் பின்னேரம், தேத்தண்ணி குடிக்கையில், பெரிய கேள்வியைக் கேட்டார்.

"எல்லாம் சரி, ரீச்சர். ஒரு சொல்லு பெயின்றோ வெண்கட்டியோ எண்டு எப்பிடி அறியிறது?"

ரீச்சர் கோப்பையைக் கீழே வைத்தார். யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது எனக்கும் வடிவாய்ப் பிடிபடேல்லை, அண்ணை. அழிஞ்சபிறகுதான் சிலது தெரியுது."

இதென்ன பதில் என்று தில்லைநாதனுக்குச் சப்பென்று போய்விட்டது.

இவ்வளவு வயதில் இந்த மனுசனுக்கு ஏன் இந்த அவசரம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

தில்லைநாதனின் மனைவி இராசமலர் நாலு வருசத்துக்கு முன்னம் காலமானார். அவருடைய அறிவித்தலைத் தட்டச்சு செய்ததும் தில்லைநாதன்தான். வேறு ஆர் செய்வார்கள்? மற்றவர்களின் அழுகையைக் கேட்டு எழுதிய கைதான், அன்றைக்கு மட்டும் எழுத்துகளைத் தேடித் தேடித் தடவியது. ஒவ்வொரு நாளும் காலமை வேலைக்கு வந்ததும், மின்விசிறியைப் போட்டுவிட்டு முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறப்பார். 'அன்னார், காலஞ்சென்ற சின்னத்துரை, நாகம்மா தம்பதியினரின் அன்பு மகளும், தில்லைநாதனின் பாசமிகு மனைவியும், அபிராமியின் அன்புத் தாயாரும் ஆவார்.' ஒருமுறை முழுக்க வாசிப்பார். பிறகுதான் வேலை.

இந்த வருசம் வயிற்றில் ஒரு நோ வந்தது. சும்மா வாய்வு என்று நினைத்து மல்லித்தண்ணி குடித்துத் திரிந்தார். பெரியாஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்து, ஈரலில் கட்டி என்றார்கள். பரவிவிட்டது என்றும் சொன்னார்கள். ஜேர்மனியில் இருக்கிற மகளுக்கு வாய்வென்றே சொல்லி வைத்திருந்தார். உண்மையைச் சொன்னது ரீச்சருக்கு மட்டும்.

"ரீச்சர், எனக்கும் ஒரு திகதி போடவேண்டி வரப்போகுது போலை."

ரீச்சருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் எழும்பிப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

தில்லைநாதனுக்குச் சாவைப் பற்றிப் பெரிய பயம் இல்லை. அவருடைய கவலை வேறு. மனைவியின் பக்கத்தில் 'தில்லைநாதனின் பாசமிகு மனைவி' என்றிருக்கிறது. தான் போனபிறகும் அது அப்படியே கிடக்கும். வாசிக்கிறவன் தில்லைநாதன் உயிரோடு இருக்கிறான் என்று நினைப்பான். மலருடைய பக்கத்தில் ஒரு பொய் நிற்கலாமோ? அதைத் திருத்த ஆர் வரப்போகிறார்கள்? ரீச்சருக்கு ஆயிரம் வேலை. மகளுக்கோ தமிழில் தட்டச்சு வராது. தான் இல்லாமலே தன் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' தானாக வந்து குந்த வேண்டும். இதுதான் அவர் கேட்டது. இதற்குத்தான் அந்தப் படிப்பு.

ரீச்சர் தங்கச்சியின் கலியாணத்துக்கு மட்டக்களப்புக்குப் போயிருந்த ஒரு கிழமைக்குள் அவர் அதைச் செய்து முடித்தார். அறிவித்தல்களில் வருகிற ஆட்கள் எல்லாருக்கும் தரவுத்தளத்தில் ஓர் இடம். பழைய பக்கங்களில் பெயர் இருந்த இடமெல்லாம் மீசை. ஒருவருக்கு இறந்த திகதி விழுந்தால், அவர் பெயர் எந்தெந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அங்கெல்லாம் 'காலஞ்சென்ற' தன்பாட்டில் முளைக்கும். சோதித்துப் பார்த்தார். வேலை செய்தது. ரீச்சர் வந்து பார்த்து அசரட்டும் என்று, சொல்லாமல் கொள்ளாமல் உண்மையான தளத்திலேயே ஏற்றிவிட்டார். வீட்டுக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தி ஒரு ஐஸ்கிறீம் கூடக் குடித்தார். வயிற்றுக்கு ஆகாதென்று தெரிந்தும் குடித்தார்.

அடுத்த நாளே கனடாவிலிருந்து அழைப்பு வந்தது. பெண் குரல். பெயர் நந்தமாலினி. அவளுடைய தகப்பன் கந்தப்பிள்ளை காலமான அறிவித்தலைத் தில்லைநாதன்தான் போட்டுக் கொடுத்திருந்தார். இப்போது முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்கிறார்களாம். வீட்டுக்கு வருகிற சனத்துக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகம். அதில், முன்னமே போன தாய்க்குத் தில்லைநாதன் போட்ட அறிவித்தலையும் சேர்ப்போம் என்று அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறாள்.

"ஐயா, அம்மாவின்ரை பக்கத்திலை என்ன செய்து வைச்சிருக்கிறியள்?"

"ஏன் பிள்ளை, என்ன?"

"காலஞ்சென்ற கந்தப்பிள்ளையின் மனைவி எண்டு கிடக்கு."

தில்லைநாதனுக்கு உள்ளே ஒரு சின்னப் பெருமை. வேலை செய்திருக்கிறது.

"ஓம் பிள்ளை. இனி அது தன்பாட்டிலை மாறும். அப்பா காலமாகினவர்தானே?"

மறுமுனையில் அவள் வெடித்தாள்.

"அம்மா போன அண்டைக்கு அப்பா உயிரோடை நிண்டவர்! அம்மா கூறை உடுத்து, பூவும் பொட்டுமாய்ப் போனவ. ஊரே அதைச் சொல்லிச் சொல்லி அழுதது. குடுத்து வைச்ச மனுசி எண்டு. நீங்கள் அவவைத் தாலி அறுத்து அனுப்பிப் போட்டியளே!"

"பிள்ளை, நான் சொல்லுறதைக் கேளுங்கோ..."

"இதை நான் கல்வெட்டிலை போட்டு ஊருக்குக் குடுக்கவோ, ஐயா?"

அழுகையோடு தொடர்பு அறுந்தது. "அழுங்கோ, நான் நிக்கிறன்" என்று சொல்ல அவருக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

மனசில் எங்கேயோ சுருக்கென்றது. ஆனால் ரோசமும் வந்தது. நான் என்ன பொய்யா எழுதினேன்? அந்தாள் செத்தது செத்ததுதானே? அன்று முழுக்க அதையே தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சாப்பாடு இறங்கவில்லை. அது நோயாலோ ரோசத்தாலோ அவருக்கே தெரியாது.

அடுத்த நாள் ரீச்சர் வந்தார். கையில் மட்டக்களப்புத் தயிர்ச்சட்டி. அதைக் கீழே வைக்க முன்னமே தில்லைநாதன் எல்லாவற்றையும் கொட்டினார். தான் செய்த வேலை, வந்த அழைப்பு, அவளுடைய பேச்சு.

"ரீச்சர், நீங்களே சொல்லுங்கோ. நான் ஒரு பொய்யும் எழுதேல்லை. அவர் போயிட்டார். பக்கம் உண்மையைத்தான் சொல்லுது. இதிலை என்ன பிழை?"

ரீச்சர் தயிர்ச்சட்டியை மேசையில் வைத்தார்.

"சோதனைத் தளத்தைத் திறவுங்கோ, அண்ணை."

சோதனைத் தளம் என்பது உண்மையான தளத்தின் பிரதி. அதில் எதை மாற்றினாலும் ஊருக்குத் தெரியாது. அவர்கள் இருவரும் எழுதிப் பழகுகிற இடம். தில்லைநாதன் திறந்தார்.

"ஒரு ஆளுக்கு இறந்த திகதி போடுங்கோ."

"ஆருக்கு?"

ரீச்சர் சட்டியின் வாயைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். திரும்ப முடிந்தார்.

"உங்களுக்கு."

தில்லைநாதன் கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய முகம் ஒருமாதிரிப் போய்விட்டது.

"என்ன பிள்ளை கதைக்கிறியள்? தெரிஞ்சுகொண்டும் இப்பிடிச் சொல்லலாமோ?"

"ரீச்சர் எண்டு கூப்பிட்டுத்தானே கேட்டனீங்கள், அண்ணை?"

ரீச்சரின் குரல் உடைந்திருந்தது. தில்லைநாதன் அதைக் கேட்டார். கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். தன்னுடைய பெயரைத் தேடி எடுத்தார். திகதி போடுகிற கட்டத்தில் அன்றைய திகதியையே அடித்தார். மற்றவர்களுக்கு எத்தனையோ தரம் அடித்த கட்டம்தான். விரல் வழுக்கிப் பிழையாக அடித்து, அழித்து, திரும்ப அடித்தார்.

"போட்டாச்சு."

"இப்ப ஒரு பக்கத்தைத் திறவுங்கோ."

"எது?"

"காலமையிலை திறக்கிறது."

அவர் திறந்தார். அதே படம். கலியாண வீடொன்றில் பிடித்தது. காதுக்குப் பக்கத்தில் கனகாம்பரம் தெரிகிற படம். அதே ஊர், கோண்டாவில். அதே சின்னத்துரை, நாகம்மா தம்பதியினர். வழக்கம்போல வாசித்துக்கொண்டே வந்தார்.

'காலஞ்சென்ற தில்லைநாதனின் பாசமிகு மனைவியும்.'

அதற்குமேல் கண் போகவில்லை.

மலர் போன அன்று வீட்டில் பெண்கள் அவளைக் குளிப்பாட்டிக் கூறை உடுத்திக் கிடத்தியிருந்தார்கள். மெரூன் கூறை. கலியாணத்தன்று உடுத்தது. பொட்டு வைக்க அவரைத்தான் கூப்பிட்டார்கள். குங்குமத்தில் விரலைத் தொட்டு வைத்தார். பொட்டு ஒரு பக்கமாய்க் கோணி, புருவத்தில் இழுபட்டுவிட்டது. பக்கத்தில் நின்ற மச்சாள், "துடைச்சிட்டு வடிவாய் வையுங்கோ அத்தான்" என்றாள். அவர் விடவில்லை. வைச்சது வைச்சதாய் இருக்கட்டும் என்றார். அந்தக் கோணல் பொட்டோடுதான் மலர் போனாள். வந்தவர்கள் எல்லாரும் அவளுடைய நெற்றியைப் பார்த்துத்தான் அழுதார்கள்.

இப்போது திரையில் அந்தப் பொட்டு இல்லை. கூறை இல்லை. யாரோ ஒரு கைம்பெண்ணின் அறிவித்தல் மாதிரிக் கிடந்தது.

"இது மலர் இல்லை" என்றார்.

ரீச்சர் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"நான் நிண்டனான், ரீச்சர்."

"ஓம், அண்ணை."

"கிட்ட நிண்டனான். பொட்டு வைச்சது நான்தான்."

"ஓம்."

"உது என்னை அண்டைக்கே சாகடிச்சுப்போட்டுது."

அதைச் சொன்னதும் மனுசன் அழுதார். ஆஸ்பத்திரியில் படத்தைக் காட்டியபோது அழாத மனுசன், மேசையில் நெற்றியை முட்டிக்கொண்டு குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதார். கீழே கடையில் கொத்துரொட்டி அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ரீச்சரும் அழுதார். ஆர் ஆரைத் தேற்றுவது?

கனநேரம் கழித்து ரீச்சர் கேட்டார்.

"இப்ப சொல்லுங்கோ, அண்ணை. அந்தச் சொல்லு பெயின்றோ, வெண்கட்டியோ?"

தில்லைநாதன் சோதனைத் தளத்தில் தன் பெயருக்கு நேரே இருந்த திகதியை அழித்தார்.

ரீச்சரிடம் தளத்தின் பழைய பிரதி ஒன்று பத்திரமாக இருந்தது. ஒரு கட்டளையில் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டிருக்கலாம். தில்லைநாதன் சம்மதிக்கவில்லை. தான் கலைத்ததைத் தானே அடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். முதலில் கந்தப்பிள்ளையின் மனைவியுடைய பக்கம். பிறகு மற்றவை. ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, மீசைகளை எடுத்துவிட்டு, அன்றைக்கு என்ன எழுதியிருந்ததோ அதையே திரும்ப எழுதினார்.

எழுதும்போதுதான் வாசித்தார். அறிவித்தல் போட்ட அன்றைக்கு உயிரோடு நின்ற கணவர்மார், பிள்ளைகள், சகோதரங்கள். எத்தனை பேர் இப்போது இல்லை! அந்தப் பக்கங்களில் மட்டும் அவர்கள் செத்தவீட்டு வாசலில் வந்தவர்களைக் கைகூப்பி வரவேற்றுக்கொண்டு நின்றார்கள். தில்லைநாதன் ஒருவரையும் உள்ளே அனுப்பவில்லை. நின்ற இடத்திலேயே நிற்க விட்டார்.

"இத்தனையாவது ஆண்டு நினைவு" என்று வருகிற இடத்தை மட்டும் மீசையாகவே விட்டார். அது வருசத்துக்கு வருசம் மாறத்தான் வேண்டும்.

கனடாவுக்கும் கூப்பிட்டார்.

"பிள்ளை, நான் தில்லைநாதன் கதைக்கிறன். அம்மாவின்ரை பக்கத்தை ஒருக்கால் திறந்து பாருங்கோ."

அவள் திறக்கிறது கேட்டது. மெல்ல வாசிக்கிறது கேட்டது. 'கந்தப்பிள்ளையின் பாசமிகு மனைவியும்' என்ற இடத்தில் குரல் நின்றது.

"பிழை என்ரைதான், பிள்ளை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"சரி ஐயா."

கொஞ்சம் பொறுத்து அவளே கேட்டாள்.

"அழுதனீங்களோ, ஐயா? குரல் ஒருமாதிரிக் கிடக்கு."

"இல்லைப் பிள்ளை, தடிமன், மூக்கடைப்பு."

"அழுங்கோ ஐயா, நான் நிக்கிறன்" என்றாள் அவள். தாய் போன நேரம் அவர் தனக்குச் சொன்னதை அவள் மறக்கவில்லை.

கடைசிப் பக்கம் முடிகிற நேரத்தில் தில்லைநாதன் நன்றாக மெலிந்துவிட்டார். படி ஏறி வர மூச்சு வாங்கியது. சேட்டுக் கொலருக்குள் கழுத்து ஆடியது. மகளுக்கு எப்படியோ தெரிந்து, அடுத்த விமானத்தில் ஏறிவிட்டாள். அவள் வந்ததும் கொழும்புக்குப் போய் ஆஸ்பத்திரியில் கிடப்பது என்று முடிவாகியிருந்தது. வேலைக்கு வந்த கடைசி நாள் அது என்று இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் தெரியாதது மாதிரி இருந்தார்கள்.

பின்னேரம், தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. தில்லைநாதன் திரையை ரீச்சரின் பக்கம் திருப்பினார்.

"என்ரையையும் எழுதி வைச்சிருக்கிறன், ரீச்சர். பிறகு உங்களுக்குக் கரைச்சல் வேண்டாமெண்டு. ஒருக்கால் பிழை பாருங்கோ."

ரீச்சர் வாசித்தார். கோண்டாவிலைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட திரு. ஆறுமுகம் தில்லைநாதன் அவர்கள். அன்னார், காலஞ்சென்ற இராசமலரின் அன்புக் கணவரும், அபிராமியின் பாசமிகு தந்தையும் ஆவார். எல்லாம் பெயின்ற். ஒரேயொரு இடத்தில் மட்டும் மீசை நின்றது. திகதி இருக்க வேண்டிய இடத்தில்.

"பெறுமதி வெறுமையாய் இருந்தால் என்ன காட்டிறது எண்டு சொல்லித் தரேல்லையே, ரீச்சர்?"

அது பகிடி. ரீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, அந்த மீசையை அழித்தார். அந்த இடத்தை வெறுமையாய் விட்டார்.

"இதுக்கு மாறி வேண்டாம், அண்ணை. இதை நான் எழுதிறன்."

தில்லைநாதன் தலையாட்டினார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் பையை எடுத்தார். குடையை எடுத்தார். கதவு வரைக்கும் போனார். பிறகு திரும்பி வந்து, கதிரையின் நுனியில் குந்தி, மலருடைய பக்கத்தைத் திறந்தார். காலமை ஒருதரம் பார்த்ததுதான். அன்றைக்கு மட்டும் இரண்டாம் தரம்.

'தில்லைநாதனின் பாசமிகு மனைவியும்.'

அதை விரலால் தொட்டுக் காட்டிக் கேட்டார்.

"ரீச்சர், ஒரு கேள்வி. நான் போனபிறகு ஆரும் இந்தப் பக்கத்தைத் திறந்தால், இதிலை நான் இருப்பனோ, போயிருப்பனோ?"

ரீச்சர் அவருடைய விரலைப் பார்த்தார். பொட்டு வைத்த விரல்.

"இருப்பியள், அண்ணை."